மருத்துவமனைக் கழிவுநீருக்கு ஒளிமின்வேதி ரியாக்டர் வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சேலத்தில் 80 படுக்கை கொண்ட ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தை நீங்கள் பார்க்கிறீர்கள். ஏற்காட்டில் ஒரு சின்னக் கிளையும் உண்டு. கீழே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறது. "வெயிலும் கொஞ்சம் கரண்ட்டும் போதும், தண்ணீரில் இருக்கும் மருந்து எல்லாம் அழிந்துவிடும்" என்று ஒருவர் ரியாக்டர் விற்க வந்திருக்கிறார். நீலச் சாயம் கரைத்த தண்ணீரை ஊற்றி, உங்கள் கண் முன்னாலேயே தெளிய வைத்தும் காட்டினாராம். இதை வாங்கலாமா, இது உண்மையில் எப்படி வேலை செய்கிறது, ஏற்காட்டுக்கு ஒத்துவருமா என்று கேட்கிறீர்கள்.

நான் சேலத்தில் மின்வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். இந்த மாதிரிக் கலன்களைச் சிறிய அளவில் மாணவர்களோடு சேர்ந்து கட்டி ஓட்டியிருக்கிறேன். எனவே பதிலை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் உண்மையானது. ஆனால் உங்கள் மொத்தக் கழிவுநீரையும் அதன் வழியாக விடுவதற்காக வாங்காதீர்கள். மருந்து அடர்த்தியாகவும் மற்ற அழுக்கு குறைவாகவும் இருக்கிற ஒரு சின்ன ஓட்டம் உங்கள் மருத்துவமனையிலேயே இருக்கிறது. அதற்கு வேண்டுமானால் சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம். ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

முதலில், இந்தக் கவலை நியாயமானதா? நியாயமானதுதான். நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடம்பில் கரைந்து போய்விடுவதில்லை. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் அப்படியே மாறாமல் சிறுநீரில் வெளியே வருகிறது. சிப்ரோஃப்ளாக்சசினிலும் கணிசமான பங்கு அப்படித்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாரசிட்டமாலையும் காஃபீனையும் நன்றாகவே தின்றுவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைனை அவை ஏறக்குறைய தொடுவதே இல்லை. உள்ளே போன அளவு அப்படியே வெளியே வரும். 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 104 நாடுகளின் ஆற்று நீரைச் சோதித்தார்கள். கார்பமசெபைன், மெட்ஃபார்மின், காஃபீன் மூன்றும் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்தன. நம் நாட்டில் இன்னும் கடுமையான உதாரணம் உண்டு. ஹைதராபாத் அருகே படான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது ஆலைக் கழிவு. உங்கள் மருத்துவமனை நீரில் அந்த அளவு வராது. ஆனால் ஆன்டிபயாட்டிக் மிகக் குறைந்த அளவில் தண்ணீரில் தொடர்ந்து இருந்தாலே, அதைத் தாங்கும் பாக்டீரியாக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகும். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றை நினைத்துப் பாருங்கள். நம் குழாயிலிருந்து போவது இங்கேயே நின்றுவிடுவதில்லை.

உங்கள் மேல் சட்டப்படி இருக்கும் கடமை என்னவோ இதைவிடச் சின்னது. 2016-ம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு விதிகளில், மருத்துவமனைக் கழிவுநீருக்கு லிட்டருக்கு பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (அழுக்கை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. மீன் சோதனையும் இருக்கிறது: கழிவுநீரை எதுவும் கலக்காமல் அப்படியே வைத்து, அதில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 சதவீதம் பிழைத்திருக்க வேண்டும். மருந்து என்று தனியாக ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே விதி கேட்காத ஒன்றைச் செய்ய நீங்களாக முன்வருகிறீர்கள். அதற்காகவே இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன்.

சரி, ரியாக்டருக்கு வருவோம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் முலாம் போடும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கரைசல், அதில் இரண்டு உலோக முனைகள், வெளியே ரெக்டிஃபையர். இதுவும் அடிப்படையில் அதுதான். ஒரே ஒரு வித்தியாசம்: நேர்மின்முனையாக இருக்கும் தட்டின் மேல் ஒரு குறைகடத்தி (செமிகண்டக்டர்) பூச்சு இருக்கும், அந்தப் பூச்சின் மேல் வெயில் விழ வேண்டும். அதற்காக ஒரு பக்கம் கண்ணாடிச் சன்னல் வைத்திருப்பார்கள். எதிர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போதும். இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. அதன் வழியாகத் தண்ணீர் ஓடும்.

பூச்சு பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் அதே பொருள். போதுமான ஆற்றல் உள்ள ஒளி அதன் மேல் பட்டால், உள்ளே ஓர் எலக்ட்ரான் எழும்பிவிடும்; அது இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் விழும். அந்த வெற்றிடத்தைத் துளை என்கிறோம். துளைக்கு எலக்ட்ரான் பசி அதிகம். பக்கத்தில் இருக்கும் தண்ணீரிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கி ஹைட்ராக்சில் ராடிக்கலை, அதாவது எதையும் உடனே தாக்கும் ஒரு மூலக்கூறுத் துண்டை, உண்டாக்கும். குளோரினின் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு) 1.36 வோல்ட், ஓசோனுக்கு 2.07, இந்த ராடிக்கலுக்கு 2.8. எந்த மருந்து மூலக்கூறாக இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் உடைத்துவிடும்.

இவ்வளவுதான் என்றால் பூச்சுப் பொடியைத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தாலே போதுமே, மின்சாரம் எதற்கு என்று தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எழும்பிய எலக்ட்ரானும் துளையும் பெரும்பாலும் ஒன்றை ஒன்று தேடி மறுபடி சேர்ந்துவிடும். சேர்ந்தால் வெயிலின் ஆற்றல் வெறும் சூடாகப் போகும். வேலை எதுவும் நடக்காது. வெளியிலிருந்து ஒரு வோல்ட்டோ கொஞ்சம் கூடவோ கொடுத்தால், வயலில் தேங்கிய தண்ணீருக்கு மடை வெட்டிவிட்ட மாதிரி எலக்ட்ரான்கள் கம்பி வழியாக எதிர்முனைக்கு ஓடிவிடும். துளைகள் தனியாக நின்று வேலை செய்யும். ஓடிப்போன எலக்ட்ரானும் வீணாவதில்லை. எதிர்முனையில் அது ஹைட்ரஜனை உண்டாக்கும். கார்பன் முனையாக இருந்தால் கரைந்த ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும். சில மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் குளோரினையும் அயோடினையும் நேராகக் கழற்றியும் விடும். கடைசியாகச் சொன்னதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு முனையில் ஒளி பட்டால் தண்ணீர் பிரிவதை வெளியிட்டார்கள். தண்ணீரில் இருக்கும் நச்சை அழிக்க, பூச்சு போட்ட முனைக்கு மின்னழுத்தமும் சேர்த்துக் கொடுக்கலாம் என்பதை 1993-ல் வினோத்கோபால், ஹோட்சந்தானி, காமத் மூவரும் குளோரோஃபீனாலை வைத்துக் காட்டினார்கள். பொடியைக் கலக்கும் முறையில் பொடியைத் திரும்ப வடிகட்டி எடுப்பது பெரும் தலைவலி. தட்டிலேயே பூச்சு இருந்தால் அந்த வேலை இல்லை.

ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஒரு குறை. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை எழுப்ப ஒளி கொடுக்க வேண்டிய குறைந்த ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளியை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். வெயிலில் அது நூற்றில் நான்கைந்து பங்குதான். சேலத்து வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் மீதி 95 பங்கு இந்தப் பூச்சுக்கு இருந்தும் இல்லாத மாதிரி. அதனால்தான் மஞ்சள் நிற பிஸ்மத் வனடேட், டங்ஸ்டன் ஆக்சைடு என்று கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் எடுக்கும் பொருட்களைத் தேடுகிறார்கள். இரும்பு ஆக்சைடும் அந்த வரிசையில் உண்டு. எங்கள் மாணவர் ஒருவர் "அப்போ கஞ்சமலைக் கல்லையே அரைத்துப் பூசலாமா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட். இதற்கு வேண்டியது துருச் சிவப்பான ஹேமடைட். மேக்னடைட்டை வறுத்தால் ஹேமடைட் ஆகும் என்றாலும், மெல்லிய சீரான படலமாகத் தட்டில் பிடிக்க வைப்பதுதான் பெரிய வேலை. அதில் துளைகள் மேற்பரப்பு வரை வந்து சேர்வதும் கடினம்.

இனி நான் சொன்ன கணக்கு. நூறு படுக்கைக்குக் கீழான மருத்துவமனைக்கு, படுக்கைக்கு 340 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டு வழக்கமான அளவு. 80 படுக்கைக்கு நாளுக்கு 27,200 லிட்டர். உங்கள் நிலையம் நன்றாக ஓடி, வெளியே வரும் நீரில் சி.ஓ.டி. லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மருந்தும் சேர்ந்து லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று வைப்போம். ஒரு நாளில் மருந்து 2.7 கிராம். மற்ற கரிமப் பொருளை எரிக்கத் தேவையான ஆக்சிஜன் 1.36 கிலோ. அதாவது ராடிக்கலின் முன்னால் மருந்து ஒரு பங்கு நின்றால், வேறு குப்பை ஏறத்தாழ 500 பங்கு நிற்கிறது. ராடிக்கலுக்கு ஆள் அடையாளம் தெரியாது. கையில் கிடைத்ததை அடிக்கும்.

இதை ஆம்பியரில் பார்ப்போம். ஒரு கிராம் ஆக்சிஜன் தேவைக்கு 3.35 ஆம்பியர்-மணி வேண்டும் என்பது ஃபாரடே கணக்கு. 1.36 கிலோவுக்கு ஏறக்குறைய 4,550 ஆம்பியர்-மணி. வெயிலில் நன்றாக வேலை செய்யும் ஒளிமுனை சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி ஆம்பியர் கொடுத்தால் சந்தோஷப்படலாம். ஒரு சதுர மீட்டருக்கு 10 ஆம்பியர். நாளுக்கு 8 மணி நேரம் முழு வெயில் என்று தாராளமாக வைத்தாலும், 57 சதுர மீட்டர் பூச்சுத் தட்டு வேண்டும். ஒவ்வோர் எலக்ட்ரானும் உருப்படியான வேலை செய்தால்தான் அதுவும். நடைமுறையில் பத்தில் ஒன்று செய்தால், 570 சதுர மீட்டர். உங்கள் மொட்டை மாடி போதாது.

அதே மருந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். வலி மாத்திரையான டைக்ளோஃபினாக்கை உதாரணமாக வைத்தால், ஒரு கிராமை முழுவதும் கார்பன் டை ஆக்சைடு வரை கொண்டுபோக 5.25 ஆம்பியர்-மணி ஆகும். 2.7 கிராமுக்கு 14 ஆம்பியர்-மணி. ஒரே ஒரு சதுர மீட்டர் தட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும் வேலை!

57 சதுர மீட்டர் எங்கே, ஒரு சதுர மீட்டர் எங்கே. இந்த வித்தியாசம்தான் என் பதிலின் மையம். ரியாக்டரின் திறமையைவிட, அதற்குள் எந்தத் தண்ணீரை விடுகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. பிள்ளைகள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் 95 சதவீதம், 99 சதவீதம் என்று பார்க்கிறோமே, பெரும்பாலும் அவை காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரே ஒரு மருந்தைக் கரைத்து, மின்சாரம் கடத்த கொஞ்சம் சோடியம் சல்பேட் போட்டுச் செய்தவை. அங்கே போட்டிக்கு ஆள் இல்லை. எங்கள் ஆய்வகத்திலும் அப்படித்தான் முதலில் செய்தோம், அழகாக வந்தது. அதே கலனில் எங்கள் வளாகத்து போர் தண்ணீரை ஊற்றியபோது வேகம் சட்டென்று விழுந்தது. நம் ஊர்த் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம்; அது ராடிக்கலைக் குடித்துவிடும். அப்புறம் கடினத்தன்மை. வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கும் ஊர் இது; மக்னீசியமும் கால்சியமும் தண்ணீரில் தாராளம். எதிர்முனையைச் சுற்றித் தண்ணீர் காரமாக மாறும் என்பதால், கீசர் காயிலில் படிவது போல வெள்ளைப் படிவு அந்தத் தகட்டில் படியும். எங்கள் கலனைத் திறந்தபோது தகடு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. சாதாரண மின்பகுப்புக் கருவியில் மின் திசையை மாற்றி அதை உதிர்க்கலாம். ஒளிமுனை உள்ள கலனில் அப்படிச் செய்தால் பூச்சு கெடும். பிஸ்மத் வனடேட் பூச்சு என்றால் அமிலத்தில் கழுவும்போதும் கவனம் வேண்டும், அது கரைந்துவிடும்.

இன்னொரு விஷயம் குளோரைடு. மருத்துவமனை நீரில் உப்பும் இருக்கும், கிருமி நீக்கத்துக்கு ஊற்றும் ஹைப்போகுளோரைட்டும் இருக்கும். நேர்மின்முனையில் குளோரைடு குளோரினாக மாறும். மேட்டூரில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுப்பது இந்த வேதியியலை வைத்துத்தான். இதனால் மருந்து வேகமாக மறைவதுபோல் தெரியும். ஆனால் குளோரின் ஏறிய புதுப் பொருட்களும், குளோரேட் என்ற உப்பும் சேர்ந்தே உருவாகும். ஒரு மருந்தை அழித்து, அதைவிடத் தொந்தரவான ஒன்றை ஆற்றில் விட்டால் நம் முயற்சிக்கே அர்த்தம் இல்லாமல் போகும். "மறைந்தது" என்பதற்கும் "அழிந்தது" என்பதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் நான் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மூல மருந்தின் அளவு குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீரில் இருக்கும் மொத்தக் கரிம கார்பன் குறைந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது விற்பனையாளர் காட்டிய நீலச் சாயம். சாயத்தின் நிறம் போவதற்கு மூலக்கூறில் ஒரு பிணைப்பு அறுந்தாலே போதும். சாயமே ஒளியை உறிஞ்சித் தானாகவும் சிதையும். அந்தச் செய்முறையை வைத்து மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. டைக்ளோஃபினாக்கை வைத்துக் காட்டினாலும் எச்சரிக்கையாக இருங்கள். அது வெறும் வெயிலிலேயே உடையும் மருந்து. ரியாக்டர் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அளவு குறையும். கார்பமசெபைனை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெயிலுக்கும் அசையாது, நுண்ணுயிருக்கும் அசையாது. அது குறைந்தால் ரியாக்டர் ஏதோ செய்திருக்கிறது என்று நம்பலாம். அதையும் நான்கு விதமாக ஓட்ட வேண்டும்: இருட்டில் கரண்ட் இல்லாமல், வெளிச்சம் மட்டும் கொடுத்து, கரண்ட் மட்டும் கொடுத்து, இரண்டும் சேர்த்து. கடைசி ஓட்டத்தின் பலன், நடுவில் உள்ள இரண்டின் கூட்டுத்தொகையைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால்தான் ஒளியையும் மின்சாரத்தையும் சேர்த்ததற்குப் பொருள் உண்டு. நான்கையும் உங்கள் தண்ணீரில் செய்ய வேண்டும். வேறு தண்ணீரில் எடுத்த எண்களை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் அவரிடம் நேராகக் கேளுங்கள்: வெயில் எங்கே விழுகிறது? முனையின் மேலேயே விழுகிறதா, அல்லது மாடியில் இருக்கும் சோலார் பேனலில் விழுந்து, அந்தக் கரண்ட் சாதாரண முனைகளுக்குப் போகிறதா? இரண்டையும் "ஒளியால் இயங்கும்" என்றுதான் விற்பார்கள். இரண்டாவது வகையில் ருத்தீனியம், இரிடியம் பூசிய டைட்டானியம் முனையோ, போரான் கலந்த வைர முனையோ இருக்கும். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: இன்றைய நிலையில் கைக்குக் கிடைப்பதும் கட்டுக்குள் ஓட்டக்கூடியதும் பேனல் வகைதான். சிறிய தட்டில் அதிக ஆம்பியர் கொடுக்கலாம், இரவிலும் ஓட்டலாம். ஆனால் ருத்தீனியப் பூச்சு முக்கியமாகக் குளோரினைத்தான் உண்டாக்கும். வைர முனை ராடிக்கலைத் தரும், விலை அதிகம், உப்பு நீரில் குளோரேட்டையும் தாண்டி பெர்குளோரேட் வரை போய்விடும். ஒளிமுனை குறைந்த வோல்ட்டில் மென்மையாக வேலை செய்யும்; நீண்ட நாள் உழைப்பில் இன்னும் நிரூபிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்?

காசே செலவில்லாத வேலை முதலில். வார்டுகளில் ஊசி போட்டபின் குப்பியில் மிஞ்சும் ஆன்டிபயாட்டிக்கையும் பாதி ஓடிய டிரிப்பையும் சிங்க்கில் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் சிஸ்டர்களோடு உட்கார்ந்து பேசி அதை நிறுத்துங்கள். காலாவதியான மருந்தும் மிச்ச மருந்தும் மஞ்சள் பைக்குப் போக வேண்டியவை. புற்றுநோய் மருந்துகள் தனி. அவற்றைத் தந்தவருக்கே திருப்பி அனுப்பலாம், 1,200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும் என்பது விதி. சாக்கடையில் போகாத ஒரு கிராமுக்கு எந்த ரியாக்டரும் ஈடாகாது.

அடுத்து உங்கள் சுத்திகரிப்பு நிலையம். காற்றூட்டும் தொட்டியில் சேறு எத்தனை நாள் தங்குகிறது என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். மெதுவாக வளரும் நுண்ணுயிர்களுக்கு நேரம் கிடைத்தால் பல மருந்துகள் அங்கேயே குறையும். கடைசியில் ஒரு கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) தொட்டி வைத்தால் கார்பமசெபைன் உட்படப் பலவற்றை அது பிடித்துக்கொள்ளும். 2016 முதல் சுவிட்சர்லாந்தில் பெரிய கழிவுநீர் நிலையங்களில் மருந்தை எடுக்கச் சட்டப்படி செய்துவருவதும் ஓசோனும் கரியும்தான். புதுமை எதுவும் இல்லை, ஆனால் 27,000 லிட்டருக்கு இன்று நம்பிச் செய்யக்கூடியது இது.

இனி ரியாக்டருக்கு ஏற்ற அந்தச் சின்ன ஓட்டம். உங்களிடம் சி.டி. ஸ்கேன் இருந்தால், படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைக் கவனியுங்கள். வழக்கமான அயோஹெக்சால் மருந்தில், மில்லிக்கு 300 மில்லிகிராம் அயோடின் என்று குறித்த வகையில், ஒரு மில்லியில் 647 மில்லிகிராம் அயோஹெக்சால் இருக்கும். ஒரு நோயாளிக்கு 100 மில்லி போட்டால் ஏறக்குறைய 65 கிராம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரே நாளில் அது கிட்டத்தட்ட முழுவதும் மாறாமல் சிறுநீரில் வந்துவிடும். மேலே நாம் போட்ட 2.7 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே ஸ்கேன்! நுண்ணுயிர் இதை எளிதில் உடைக்காது, கரியும் சரியாகப் பிடிக்காது, ஓசோனுக்கும் பெரிதாக அசையாது. மருந்தாக இதன் நச்சுத்தன்மை குறைவுதான். ஆனால் பின்னால் குளோரின் போடும் தண்ணீரில் இந்த வகைப் பொருட்கள் இருந்தால் அயோடின் ஏறிய நச்சுத் துணைப்பொருட்கள் உருவாகலாம்.

அந்த நோயாளியின் ஒரு நாள் சிறுநீரைத் தனியாகச் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு லிட்டர். அதில் மருந்துதான் பெரும்பான்மை, மற்ற கரிமப் பொருள் சிறுபான்மை. 500-க்கு 1 என்று இருந்த போட்டி இங்கே தலைகீழாகிவிடுகிறது. உப்பும் போதுமான அளவு இருப்பதால் மின்சாரம் நன்றாகக் கடத்தும். எதிர்முனை அயோடினைக் கழற்றும் என்று முன்பு சொன்னேனே, அது இங்கே உதவும். 65 கிராமில் இருக்கும் மூன்று அயோடின்களையும் கழற்ற சுமார் 13 ஆம்பியர்-மணிதான் கணக்கு. அயோடின் போன மூலக்கூறை நுண்ணுயிரோ நேர்மின்முனையோ எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இரு முனைகளுக்கும் நடுவில் ஒரு சவ்வு வைத்துப் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் கழன்ற அயோடைடு மறுபக்கம் போய் அயோடினாகி, மறுபடி கரிமப் பொருளில் ஏறிக்கொள்ளும். சிறுநீரில் இருக்கும் குளோரைடும் அதே பக்கம் போய்க் குளோரினாகும். இது வேலை செய்யும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விற்க வந்தவர் நேர்மையானவர் என்றால், இந்த ஓட்டத்தில் மூன்று மாதம் சோதனையாக வைக்க ஒப்புக்கொள்வார். தொடங்கும்போதும் முடியும்போதும் மொத்தக் கரிம கார்பன், குளோரேட் இரண்டையும் வெளி ஆய்வகத்தில் பாருங்கள். ரியாக்டரில் போன நீரை உங்கள் கழிவுநீரோடு கலந்து, விதியில் சொன்ன மீன் சோதனையையும் செய்யுங்கள். மீன் பொய் சொல்லாது.

ஏற்காட்டுக் கிளையைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே இப்போது வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் நாள் கணக்கில் மூட்டம் இறங்கி நிற்கும். மேகத்தைத் தாண்டி ஓரளவு புற ஊதா வரும் என்றாலும் அதை நம்பிக் கருவி வைக்க முடியாது. 365 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு பொருத்தலாம், ஆனால் அப்போது வெயில் இலவசம் என்ற பேச்சே போய்விடுகிறது. அதைவிட முக்கியம், சின்னக் கிளை என்றால் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான் இருக்கும். அந்தக் கலங்கல் நீரில் ஒளி சில சென்டிமீட்டர்கூட உருப்படியாகப் போகாது. சல்ஃபைடும் அம்மோனியாவும் ராடிக்கலைத் தின்றுவிடும். அங்கே முதல் தேவை ஒரு சரியான உயிரியல் சுத்திகரிப்பு. இன்னொரு சின்ன எச்சரிக்கை: கழிவுநீர் கசிகிறதா என்று பார்க்கக் காஃபீனை அடையாளமாக அளப்பது வழக்கம். ஏற்காட்டில் காபிப் பழம் உரிக்கும் பருவத்தில் ஓடையில் காஃபீன் கிடைத்தால் அது உங்கள் கழிப்பறையிலிருந்து வந்ததா, பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. அங்கேயும் கார்பமசெபைனைத் தேடச் சொல்லுங்கள். அது மனிதர் வழியாக மட்டும்தான் வரும்.

சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதில் நிறையப் பேர் தவறு செய்வதால் அதையும் சொல்லிவிடுகிறேன். குளோரின் போடும் தொட்டிக்கு முன்னால் எடுங்கள். பின்னால்தான் எடுக்க முடியும் என்றால், எடுத்த உடனே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டு மிச்சக் குளோரினை முறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே மருந்து குறைந்துகொண்டே போகும். பிளாஸ்டிக் கேன் வேண்டாம், பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். காலை ஒரு தடவை மட்டும் பிடிக்காமல், ஒரு நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஸ்கேன் அதிகம் நடந்த நாளில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் எடுத்தால், உங்கள் மருத்துவமனையிலிருந்து எது எவ்வளவு போகிறது என்பது ரியாக்டர் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.